சேம அச்சும் நிழலும்: பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார் பாடல்களில் தந்தையும் மகனும்

ஆய்வுச்சுருக்கம்

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியைப் பற்றி ஔவையார் பாடியனவாகப் புறநானூற்றில் மூன்று பாடல்கள் (96, 102, 392) உள்ளன. இவை பெரும்பாலும் தந்தையைப் பற்றிய பாடல்களின் பின்னிணைப்பாகவே வாசிக்கப்படுகின்றன. புகழ்பெற்ற தந்தை உயிரோடிருக்கையில் வளர்ந்து ஆளான மகனைப் புலவர் எவ்வாறு பாட இயலும் என்னும் வினாவை முன்வைத்து இம்மூன்று பாடல்களையும் தந்தையைப் பற்றிய பாடல்களோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. 392ஆம் பாடலின் புகழ்மொழிகள் பெரிதும் தந்தைக்கும் குடிக்கும் உரியவை என்பதும், 102ஆம் பாடலில் வரும் ‘சேம அச்சு’ என்னும் உவமையே மகனுக்கென்று தனித்து அமைந்தது என்பதும், அவ்வுவமை அவனது இரண்டாம் நிலையிலிருந்தே பிறக்கிறது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: புறநானூறு, ஔவையார், அதியமான் நெடுமான் அஞ்சி, பொகுட்டெழினி, தகடூர், சேம அச்சு, நிழல், கையறுநிலை.

முன்னுரை

இன்றைய தருமபுரியே சங்க காலத்துத் தகடூர் என்பது வரலாற்றாசிரியர் ஏற்ற முடிவு. நகரை அடுத்துள்ள அதியமான்கோட்டை என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அக்குடியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தகடூர் என்றதும் நினைவுக்கு வருபவன் நெடுமான் அஞ்சி. அவன் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனி. பள்ளிப் பாடநூல் தொடங்கிப் பட்டிமன்ற மேடை வரை அந்த ஒரு நிகழ்ச்சி நிலைபெற்றுவிட்டது. அவனுக்கு ஒரு மகன் இருந்தான் என்பதும், நெல்லிக்கனியைப் பெற்ற அதே புலவர் அம்மகனையும் பாடினார் என்பதும் பொது நினைவில் இடம்பெறவில்லை. ஆய்வுலகிலும் பொகுட்டெழினி பெரும்பாலும் குடிவழிப் பட்டியலில் ஒரு வரியாகவே குறிக்கப்படுகிறான்.

பெருந்தந்தையின் மகனாய்ப் பிறந்து, தந்தை இருக்கும்போதே வளர்ந்து, தன் சுற்றத்தைத் தாங்கும் பொறுப்பையும் ஏற்றவனின் நிலை இலக்கியத்தில் எளிதில் பாடுபொருள் ஆவதில்லை. வீரனின் முதல் வெற்றியைப் பாடலாம். வேந்தனின் இறப்பைப் பாடலாம். இரண்டிற்கும் இடையே காத்திருப்பவனைப் பாடுவது கடினம். அவனை மிகையாகப் புகழ்ந்தால் தந்தையின் புகழ் குறையும். குறைத்துப் பாடினால் அது பாடாண் ஆகாது. ஔவையார் இச்சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டார் என்பதே இக்கட்டுரையின் மைய வினா. பாடல்களின் கருத்து உரைநடையில் மட்டுமே இங்கு எடுத்துரைக்கப்படுகிறது.

தொகுப்பில் மகனின் இடம்

புறநானூற்றின் 87 முதல் 104 வரையுள்ள பதினெட்டுப் பாடல்களும் ஔவையார் பாடியவை. அவற்றுள் பதினாறு தந்தையைப் பற்றியன. 96, 102 ஆகிய இரண்டு மட்டும் மகனைப் பற்றியன. இவ்விரண்டும் அடுத்தடுத்து இல்லை. முன்னும் பின்னும் தந்தையின் பாடல்கள் சூழ இடையே அமைந்துள்ளன. மூன்றாவது பாடலான 392, தந்தையைப் பாடிய 390ஆம் பாடலுக்கு மிக அருகில் நிற்கிறது. இவை தவிர 206, 315 ஆகியனவும், கையறுநிலைப் பாடல்களான 231, 232, 235 ஆகியனவும் தந்தைக்கே உரியவை.

இம்மூன்று பாடல்களுள் 392இல் மட்டுமே எழினி என்னும் பெயர் வருகிறது. 96, 102 ஆகியவற்றில் பாட்டுடைத் தலைவனின் பெயர் பாடலுக்குள் இல்லை. இவை மகனைப் பற்றியவை என்பதைப் பாடலின் அடிக்குறிப்பே தெரிவிக்கிறது. 96ஆம் பாடலில் அவனைச் சுட்டும் தொடரை ‘என் தலைவனாகிய இளையவன்’ என்றும் விரிக்கலாம், ‘என் தலைவனுடைய இளையவன்’ என்றும் விரிக்கலாம். இரண்டாவது விரியைக் கொண்டால், மகன் தந்தையைச் சார்ந்த ஓர் உறவுச்சொல்லாலேயே அறிமுகமாகிறான். 102இல் அவனை விளிக்கும் ‘நெடியோய்’ என்னும் சொல்லின் அடியும், தந்தையின் பெயரில் உள்ள நெடுமான் என்பதன் அடியும் ஒன்றே. இதனைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். ஆயினும் பெயர் சொல்லாமல் பாடும் இடத்தில் புலவர் தேர்ந்த சொல் தந்தையின் பெயரை எதிரொலிப்பது கருதத்தக்கது.

எழினி என்னும் பெயரும் அவனுக்கு மட்டும் உரியதாக இல்லை. தலையாலங்கானத்துப் போரில் தோற்ற எழுவருள் ஒருவனை எழினி என்றே அகநானூறு (36) குறிக்கிறது. புறநானூறு 158இல் வள்ளல்கள் எழுவரை எண்ணும் பெருஞ்சித்திரனார் குதிரைமலைக்குரிய எழினியை ஒருவனாகக் கூறுகிறார். சிறுபாணாற்றுப்படையின் எழுவர் வரிசையில் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதிகன் இடம்பெறுவதால், அந்த எழினி தந்தையே என்று கொள்வது வழக்கு. ஆக, மகனின் பெயரே குடிக்குப் பொதுவான பெயர். பொகுட்டு என்னும் முன்னொட்டு அவனைப் பிரித்துக் காட்ட அடிக்குறிப்பில் மட்டும் பயன்படுகிறது.

பிறப்பும் தந்தையின் பார்வையும்

மகன் முதன்முதல் தோன்றுவது தந்தையைப் பற்றிய பாடலில்தான். 100ஆம் பாடல், போர்க்களத்திலிருந்து மீண்ட அதியமான் பிறந்த மகனைக் காண வந்த காட்சியைக் கூறுவதாக அடிக்குறிப்பு உரைக்கிறது. கையில் வேல், காலில் கழல், உடலில் வியர்வை, கழுத்தில் ஆறாத புண். புலியோடு பொருத யானை போல அவன் சினம் தணியவில்லை. பகைவரை நோக்கிய கண்கள் தன் சிறுவனை நோக்கிய பின்னும் சிவப்பு நீங்கவில்லை என்று பாடல் முடிகிறது.

இப்பாடல் தந்தையின் வீரத்தைப் பாடுவதாகவே விளக்கப்பெறும், அது சரியே. மகனின் பக்கம் நின்று நோக்கினால் வேறொன்றும் தெரிகிறது. அவன் உலகில் கண்ட முதல் தந்தைமுகம் பகைவருக்கென்று சிவந்த முகம். குழந்தைக்கு என்று தனியான ஒரு முகத்தைப் பாடல் தரவில்லை. பாடலின் கவலையும் குழந்தையைப் பற்றியதன்று. இவனைச் சினப்பித்தவர் பிழைக்கமாட்டார் என்பதே அதன் செய்தி. குழந்தை, தந்தையின் சினத்தை அளக்கும் கோலாக நிற்கிறது.

சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிடும் நெறியைக் க. கைலாசபதி 1968இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக வகுத்தார். அந்நெறியில் இங்கு இலியத்தின் ஆறாம் காண்டத்தை ஒப்பிடலாம். போருக்குச் செல்லும் எக்தோர் தன் குழந்தையை அணைக்கக் கை நீட்டும்போது, தலைக்கவசத்தையும் அதன் குதிரைமயிர்க் கொண்டையையும் கண்டு குழந்தை அஞ்சி அழுகிறது. தந்தை சிரித்துக் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்து, குழந்தையைத் தூக்கி, தந்தையினும் இவன் மிகச் சிறந்தவன் என்று ஊரார் சொல்லும் நாள் வரவேண்டும் என வேண்டுகிறான். அங்கே தந்தை போர்க்கோலத்தை ஒரு கணம் களைகிறான். மகன் தன்னை மிஞ்சவேண்டும் என்று வாய்விட்டுச் சொல்கிறான். ஔவையாரின் அதியமான் எதையும் களையவில்லை, எதையும் சொல்லவுமில்லை. தந்தையை மிஞ்சும் உரிமை இம்மகனுக்குப் பாடலுக்குள் வழங்கப்படவில்லை.

ஔவையார் தந்தை–மகன் உறவின் மென்மையை அறியாதவரல்லர். 92ஆம் பாடலில், யாழிசையோடும் பொருந்தாத, பொருளும் விளங்காத புதல்வரின் மழலை தந்தையர்க்கு அருளைத் தருவதுபோலத் தம் சொற்களும் நெடுமான் அஞ்சிக்கு அருள் பிறக்கச் செய்கின்றன என்கிறார். அந்த அன்பு இங்கு உவமையாக வருகிறது; உவமேயமாக நிற்பவர் புலவர். அஞ்சி தந்தையாக அருள் சுரக்கும் காட்சி புலவரை முன்னிட்டே அமைகிறது. மழலையின் இடத்தைப் புலவர் எடுத்துக்கொள்ள, பிறந்த மகன் சிவந்த கண்களைப் பெறுகிறான். இவ்விரு பாடல்களையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் பின்னர் வரும் மகனின் பாடல்களுக்கு உரிய பின்புலம் கிடைக்கிறது.

இளையோனும் அவன் சுற்றமும்

96ஆம் பாடல் மகனுக்கு இரண்டு பகைகள் தோன்றியுள்ளன என்று தொடங்குகிறது. அவனை நோக்கிய மகளிர் கண் பசந்து தோள் மெலிந்து வருந்துவதால் அவர்கள் ஒரு பகை. அவன் செல்லும் ஊரார் மற்றொரு பகை: ஆட்டிறைச்சி உண்ணும் அவன் சுற்றத்தோடு யானைகளும் வந்து துறைநீரைக் குடித்துத் தீர்த்துவிடுமோ என்று அஞ்சி அவர்கள் அங்குத் தங்கியிருப்பதையே வெறுக்கிறார்கள். பழிப்பதுபோலப் புகழும் உத்தி இது.

புகழ்ச்சியின் உள்ளடக்கம் நோக்கத்தக்கது. அழகும் பெருஞ்சுற்றமும் இங்கு உள்ளன. மார்பிலே தும்பை உண்டு. ஆனால் வென்ற அரணோ கொன்ற பகைவனோ குறிக்கப்படவில்லை. தந்தையைப் பாடும்போது பகை என்னும் சொல் பகை வேந்தரையே குறிக்கும். மகனைப் பாடும்போது அது காதல் கொண்ட பெண்களையும் விருந்துக்கு அஞ்சும் ஊராரையும் குறிக்கிறது. மகனுக்கு இன்னும் உண்மையான பகைவர் இல்லை. இருக்கும் பகைவர் அனைவரும் தந்தையின் பகைவர்.

இப்பாடலை 101ஆம் பாடலோடு வைத்து நோக்கலாம். அங்கே இரவலர் பலரோடும் பல நாள் சென்றாலும் அதியமான் முதல் நாள் போலவே விருப்போடு பேணுகிறான். தந்தையின் வாயிலில் கூட்டம் ஒரு சுமையாக உணரப்படுவதில்லை. மகன் செல்லும் ஊரில் கூட்டம் சுமையாகிறது. முதலாவதில் பிறர் கூட்டத்தைத் தந்தை ஊட்டுகிறான். இரண்டாவதில் மகனின் கூட்டத்தைப் பிறர் ஊட்டுகிறார்கள். மகன் தன்னைச் சார்ந்த சுற்றத்தை உடையவனாகிவிட்டான். ஆனால் அதனைத் தன் வாயிலில் வைத்துப் புரக்கும் நிலை இப்பாடலில் காட்டப்படவில்லை. தலைமை கைக்கு வராத நிலையில் குடும்பப் பொறுப்பு மட்டும் வளரும் வளர்ந்த மகனின் நிலையை, நகைச்சுவை கலந்த இப்பாடல் துல்லியமாகப் பதிவு செய்கிறது. அவனுடைய மனைவி மக்கள் பற்றி மூன்று பாடல்களும் ஒன்றும் கூறவில்லை. அவன் வீடு ‘ஒக்கல்’ என்னும் பொதுச்சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

சேம அச்சு

எட்டு அடிகளே கொண்ட 102ஆம் பாடல் இம்மூன்றனுள் சிறந்தது. உப்பு வணிகரான உமணரின் வண்டி புறப்படுகிறது. எருதுகள் இளையன, நுகத்தைப் பழகாதவை. வண்டியில் ஏற்றிய பண்டமோ மிகுதி. வழியில் பள்ளத்தில் இறங்கவேண்டி வரலாம். மேட்டில் ஏறவேண்டி வரலாம். அங்கே என்ன நேரும் என்பதை யார் அறிவார்? எனவே உமணர் வண்டியின் அடிமரத்தில் மற்றோர் அச்சைக் கட்டி எடுத்துச் செல்கின்றனர். மகன் அந்தச் சேம அச்சைப் போன்றவன். அடுத்து உவமை மாறுகிறது: அவன் முழுநிலவைப் போன்றவன், அவன் நிழலில் வாழ்பவர்க்கு இருள் எங்கே உள்ளது என்று பாடல் முடிகிறது.

தகடூர்ப் பகுதியின் நிலவமைப்பை அறிந்தவர்க்கு இவ்வுவமையின் மெய்ம்மை எளிதில் விளங்கும். கடற்கரையிலிருந்து உப்பேற்றி வரும் வண்டி இந்த மேட்டுநிலத்தை அடைய மலைச்சரிவுகளைக் கடந்தாக வேண்டும். சேலத்திலிருந்து வருவோர் இன்றும் ஏறி இறங்கும் தொப்பூர்க் கணவாயே போதிய சான்று. அச்சு முறிந்தால் உதவிக்கு ஆள் கிடைக்காத வழியில் பிறந்த உவமை இது.

மர வேலை சார்ந்த உவமைகளை ஔவையார் அதியமான் பாடல்களில் வேறு இரண்டு இடங்களிலும் பயன்படுத்துகிறார். அவற்றோடு ஒப்பிடும்போதே சேம அச்சின் தனித்தன்மை புலப்படும்.

முதலாவது, 87ஆம் பாடல். ஒரு நாளில் எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன், ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைத் தேர்க்கால் போன்றவன் அதியமான். தந்தை போர்த்தேரின் சக்கரம்; மகன் உப்பு வண்டியின் அச்சு. சக்கரம் கண்ணுக்குத் தெரிவது, சுழல்வது, களத்தில் முன்செல்வது. சேம அச்சு வண்டிக்கு அடியில் மறைந்து கிடப்பது, அசையாதது. தேர் வேந்தர்க்குரியது, சகடம் வணிகர்க்குரியது. தரத்தில் மகனுக்குக் கிடைத்த உவமை தாழ்ந்ததே. ஆனால் பயனில் அப்படியில்லை: தேர்க்கால் பகைவரை அழிக்கப் பயன்படுகிறது, சேம அச்சு ஒரு கூட்டத்தாரின் வாழ்வையே காக்கிறது.

இரண்டாவது, 206ஆம் பாடல். பரிசில் நீட்டித்தபோது வாயிற்காவலனிடம் வெகுண்டு பேசும் ஔவையார், கலைஞரைத் தச்சனின் கைவன்மை மிக்க சிறுவர்க்கு ஒப்பிடுகிறார். கோடரியோடு காட்டுக்குள் செல்லும் அச்சிறுவர்க்கு எப்பக்கமும் மரம் கிடைப்பதுபோல, கலைஞர்க்கு எத்திசையிலும் சோறு கிடைக்கும். தச்சனின் மகன் தந்தையிடம் பெற்றது தொழில். அதை எடுத்துக்கொண்டு அவன் எங்கும் போகலாம். குறுநில மன்னனின் மகன் தந்தையிடம் பெறவிருப்பது ஓர் இடம். அதை விட்டு அவன் எங்கும் போக இயலாது. ஔவையார் இரு மகன்களையும் எங்கும் நேரடியாக ஒப்பிடவில்லை. ஆனால் ஒருவன் காட்டுக்குள் நடக்கிறான், மற்றவன் வண்டியின் அடியில் கட்டப்பட்டிருக்கிறான் என்னும் வேறுபாடு அவர் உவமைகளுக்குள் இருக்கிறது.

இவற்றோடு 315ஆம் பாடலையும் சேர்க்கவேண்டும். நெடுமான் அஞ்சி வீட்டின் இறப்பில் செருகி வைத்த தீக்கடைகோல் போன்றவன் என்கிறது அது. தோன்றாமல் இருக்கவும் அவன் வல்லவன். வேண்டும்போது அக்கோலிலிருந்து எழும் பெருந்தீப் போலத் தோன்றவும் வல்லவன். தந்தையும் ஒரு நிலையில் மறைந்து கிடக்கும் கருவியே. தந்தையின் மறைவு அவன் விருப்பம். வெளிப்படும் காலமும் அவன் கையில். சேம அச்சுக்கு அந்த வன்மை இல்லை. முதல் அச்சு முறிந்தால் மட்டுமே அதற்குப் பயன். மகன் தன் ஆற்றலைக் காட்டும் நாள் தந்தை வீழும் நாளாகவே இருக்க முடியும். எனவே, தன் ஆற்றல் வெளிப்படவேண்டும் என்று விரும்புவதே அவனுக்கு ஒரு தீய விருப்பமாகிவிடுகிறது. இந்தக் கட்டினை ஒரே உவமையில் சொன்னதே ஔவையாரின் திறம்.

இக்கட்டினைப் பொறுக்காத மக்களும் புறநானூற்றில் உண்டு. கோப்பெருஞ்சோழனுக்கு எதிராக அவன் மக்களே படைதிரட்டினர். அவனைத் தடுக்கும் புல்லாற்றூர் எயிற்றியனார் (213), நீ இறந்தபின் இந்நாடு அவர்களுக்கே உரியது. அவர்களை வென்றால் இச்செல்வத்தை யாருக்கு விட்டுச் செல்வாய் என்று வினவுகிறார். அங்கே அச்சாகக் காத்திருக்க மறுத்த மக்கள் வண்டியையே கவிழ்க்க முனைந்தனர். அந்நிகழ்வோடு ஒப்பிட, காத்திருத்தலைப் புகழாக மாற்றும் 102ஆம் பாடலுக்கு ஓர் அரசியல் தேவையும் இருந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு.

நிழல் என்னும் சொல்

ஒருவரின் புகழ் மற்றொருவரை மறைப்பதை ‘நிழலில் வாழ்தல்’ என்று இன்றைய உரைநடை குறிக்கிறது. சங்கத் தமிழில் நிழல் மறைப்பைக் குறிக்கவில்லை. அது காப்பைக் குறித்தது. குடைநிழல், தாள்நிழல் என்னும் வழக்குகள் இதற்குச் சான்று. வெயில் மிகுந்த நாட்டில் நிழல் அருளின் பெயர். 102ஆம் பாடல் இவ்விரு பொருளும் சந்திக்கும் இடத்தில் நிற்கிறது. சேம அச்சு வண்டியின் நிழலில் கிடக்கிறது. இது முதல் உவமை. பாடலின் இறுதியில் அவனே பிறர்க்கு நிழல் தருகிறான். அந்நிழலில் இருள் இல்லை. நிழல் உண்டு, இருள் இல்லை என்னும் முரணை முழுநிலவு தீர்த்துவைக்கிறது.

நிலவு உவமையையும் சற்று நின்று நோக்கவேண்டும். நிலவு ஒளி தருவது கதிரவன் இல்லாத இரவில். நாள் நிறைந்த முழுமதி என்று கூறும்போது அவனது முதிர்ச்சி நிறைவெய்தியது என்பது பெறப்படுகிறது. அவன் முழுமையடைந்துவிட்டான், ஆயினும் அவன் காலம் இரவே. இரண்டு உவமைகளும் ஒரே நிலையைச் சொல்கின்றன: ஆற்றல் நிறைவானது, ஆனால் அது மற்றொன்று இல்லாத பொழுதிற்கென்று ஒதுக்கப்பட்டது. கொடுப்பதற்குக் கவிந்த கையை உடையவன் என்னும் அடை இடையில் வருகிறது. 96ஆம் பாடலில் ஊராரின் நீரைத் தீர்த்தவன் இங்கே கொடுப்பவனாகிறான். தொகுப்பு வரிசையைக் கால வரிசையாகக் கொள்ள முடியாது. ஆனால் மூன்று பாடல்களும் நுகர்வோன், காத்திருப்போன், கொடையாளன் என மூன்று நிலைகளைக் காட்டுகின்றன என்று கூறுவதில் தடையில்லை.

வாயிலில் கிணை

392ஆம் பாடலில் எழினி முழுமையான புரவலனாக நிற்கிறான். அவன் நெடிய வாயிலில் கிணை கொட்டிப் பாடுகிறான் பொருநன். பகைவரின் அரண்களை வென்று, குருதி தோய்ந்த களங்களில் கழுதை ஏர் பூட்டி வெள்ளை வரகும் கொள்ளும் விதைத்தவன் என்று அவனைப் போற்றுகிறான். ஊர்க்கேணியின் பாசிவேர் போன்ற கந்தல் நீக்கப்பட்டு நுண்ணிய ஆடை உடுத்தப்படுகிறது. தேள் கடித்தாற்போலக் கடுக்கும் முதிர்ந்த கள் பொற்கலத்தில் வழங்கப்படுகிறது. இறுதியில், அமிழ்தம் போன்ற கரும்பை இந்நாட்டிற்குக் கொண்டுவந்தவனின் வழித்தோன்றல் இவன் என்று பாடல் நிறைவுறுகிறது.

புறநானூற்றின் பழைய உரை 266ஆம் பாடலோடு நின்றுவிடுவதால் இப்பாடலுக்குப் பழைய உரையின் துணை இல்லை. ஒப்பீடே வழி. அவ்வாறு ஒப்பிட்டால் இதன் கூறுகள் பலவும் முன்பே தந்தைக்கு வழங்கப்பட்டவை என்பது தெரியவரும். அதியர் தலைவன் என்னும் பட்டம் நெல்லிக்கனிப் பாடலான 91இல் தந்தைக்கு உரியது. வளைந்த அணிகலன் பூண்ட எழினி என்னும் அடைமொழி 158இல் வள்ளல் எழுவருள் ஒருவனுக்கு வருகிறது. கரும்பு கொணர்ந்த முன்னோர் 99ஆம் பாடலில் தந்தையின் முன்னோராகப் பேசப்படுகின்றனர். பாசி போன்ற கந்தலைக் களைந்து புத்தாடை தருதல் 390இல் தந்தையின் கொடையாக வருகிறது. கழுதை ஏர் உழவு பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய 15ஆம் பாடலிலும் உள்ள பொது மரபு. மகனின் புகழ்மாலை ஏறக்குறைய முழுவதும் தந்தையின் பூக்களாலும் குடியின் பூக்களாலும் கட்டப்பட்டுள்ளது.

வேறுபாடுகள் சிறியவை, ஆயினும் பொருளுடையவை. 390இல் தந்தை வெள்ளிக் கலத்தில் உணவு ஊட்டுகிறான். 392இல் மகன் பொற்கலத்தில் கள் தருகிறான். இதனைக் கொண்டு மகனைத் தந்தையினும் உயர்த்தினார் என்று முடிவு கட்டுவது மிகை. முன்னோர் இடம்பெறும் முறையே முதன்மையான வேறுபாடு. 99ஆம் பாடல் முன்னோரிடம் தொடங்கி, அவர்களைப் போன்றவனே என்று அஞ்சியை விளித்து, பரணர் பாடிய கோவலூர் வெற்றிக்கு வந்து சேர்கிறது. தந்தை முன்னோரைக் கடந்து தன்னை அடைகிறான். 392ஆம் பாடல் எழினியின் களத்திலும் கொடையிலும் தொடங்கி முன்னோரிடம் சென்று முடிகிறது. மகன் தன்னைக் கடந்து முன்னோரை அடைகிறான்.

இவ்விறுதி மற்றொன்றையும் செய்கிறது. ‘பிறங்கடை’ என்று வழித்தோன்றலைக் குறிக்கும் பாடல், நெடுமான் அஞ்சியின் மகன் என்று கூறவில்லை. தந்தையின் பெயர் பாடலில் எங்கும் இல்லை. கரும்பு தந்த முன்னோனுக்கு நேராக எழினி நிறுத்தப்படுகிறான். அம்முன்னோன் முன் தந்தையும் ஒரு வழித்தோன்றலே, மகனும் ஒரு வழித்தோன்றலே. தந்தையை மறுக்காமலும் குறைக்காமலும் மகனைத் தந்தையோடு ஒரே வரிசையில் நிறுத்த ஔவையார் கண்ட வழி இதுவாகும். குடிமரபு பொதுவாகத் தனிமனிதனை அழுத்தும் சுமையாகவே பேசப்படுகிறது. இங்கு, தந்தை என்னும் அண்மைச் சுமையிலிருந்து மகனை விடுவிக்கும் சேய்மைத் துணையாக அது செயற்படுகிறது.

கையறுநிலையில் மகன்

இவ்வளவும் பாடிய ஔவையார், அதியமான் இறந்தபின் பாடிய கையறுநிலைப் பாடல்களில் மகனைக் குறிக்கவே இல்லை. 235ஆம் பாடலில் தந்தையின் மார்பைத் துளைத்த வேல் பாணரின் உண்கலத்தையும் இரப்போர் கைகளையும் துளைத்துச் சென்றது என்கிறார். இனிப் பாடுவோரும் இல்லை, பாடுவோர்க்கு ஈவோரும் இல்லை என்று அரற்றுகிறார். 392இல் பொற்கலத்தில் கள் வார்த்தவன் எங்கே? 392 தந்தையின் காலத்தில் பாடப்பட்டதா, பின்னர்ப் பாடப்பட்டதா என்பதைப் பாடல் உறுதிப்படுத்தவில்லை. எதுவாயினும், 102ஆம் பாடலின்படி முதல் அச்சு முறிந்த இந்நாளே சேம அச்சின் நாள். அந்நாளில் வண்டிக்கு மாற்று அச்சே இல்லை என்று அதே புலவர் பாடுகிறார்.

இரங்கல் மரபில் மிகை இயல்பே என்பது உண்மை. இறந்தவனுக்கு நிகரில்லை என்பது கையறுநிலையின் இலக்கணம்போல் அமைந்தது. எனினும் அந்த இலக்கணத்தின் விலையை வாழும் மகன் செலுத்துகிறான். இருக்கும்போது காத்திருக்கச் சொல்லும் புகழ், இறந்தபின் அவன் இன்மையையே அறிவிக்கிறது. தந்தையின் நிழல் தந்தையோடு மறைவதில்லை; இரங்கற்பாட்டில் அது மேலும் நீள்கிறது.

தகடூரின் வரலாறும் இதற்கு இசைகிறது. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையை அரிசில்கிழார் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடினார். அவரே புறநானூறு 230இல் தகடூரில் வீழ்ந்த எழினிக்கு இரங்கி, விதைநெல்லைச் சமைத்துண்ட உழவன் போலக் கூற்றம் அறிவின்றிச் செய்தது என்று பழிக்கிறார். அந்த எழினி தந்தையா, மகனா, குடியின் வேறொருவனா என்பதில் அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. பாதுகாத்து வைத்த விதை என்னும் உவமை, பாதுகாத்து வைத்த அச்சு என்னும் உவமைக்கு மிக நெருங்கியது என்பதை மட்டும் இங்குச் சுட்டலாம். அதனைக் கொண்டு ஆளை அடையாளம் காண்பது பொருந்தாது. அப்போரை விரித்துரைத்த தகடூர் யாத்திரை முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டும் உரைகளும் காத்த பாடல்களே எஞ்சியுள்ளன.

கல்லில் தந்தை, பெயரில் மகன்

தந்தைக்கு இலக்கியத்திற்கு வெளியேயும் சான்று உண்டு. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி அளித்த கற்படுக்கையைக் குறிக்கிறது. அசோகரின் பாறைக் கட்டளைகளில் வரும் சதியபுதோ யார் என்னும் நெடுநாள் வினாவிற்கு விடை தந்த கல்வெட்டு அது. மகனுக்கு இத்தகைய கல் கிடைக்கவில்லை.

ஆயினும் போளூரை அடுத்த திருமலையில் உள்ள பிற்காலக் கல்வெட்டு ஒன்று கருதத்தக்கது. தகடூரை ஆண்ட விடுகாதழகிய பெருமாள், தன் குடியின் முன்னோனான எழினி அமைத்த இயக்கன், இயக்கி உருவங்களைப் புதுப்பித்ததை அது கூறுகிறது. அந்த எழினி பொகுட்டெழினியே என்று கொள்ளச் சான்றில்லை. ஆனால் பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு வழித்தோன்றல் முன்னோனை நினைக்கும்போது, அஞ்சி என்னும் பெயரை எடுக்காமல் எழினி என்னும் குடிப்பெயரை எடுத்தான். 392ஆம் பாடலின் இறுதி செய்ததைப் போன்றதொரு செயல் இது.

முடிவுரை

பொகுட்டெழினியைப் பற்றிய மூன்று பாடல்களும் தந்தையின் பாடல்களைச் சார்ந்தே பொருள் தருகின்றன. 96ஆம் பாடல் பகைவரற்ற இளையோனைக் காட்டுகிறது. 392ஆம் பாடல் தந்தைக்கும் குடிக்கும் உரிய புகழ்மொழிகளை அவனுக்கு உடைமையாக்கி, குடிமுதல்வனுக்கு நேராக நிறுத்துகிறது. 102ஆம் பாடல் மட்டும் வேறு எவர்க்கும் வழங்காத ஓர் உவமையை அவனுக்கு வழங்குகிறது. அவ்வுவமை அவனது வெற்றியிலிருந்தோ கொடையிலிருந்தோ பிறக்கவில்லை, காத்திருப்பிலிருந்து பிறக்கிறது. புலவர் அந்நிலையை மறைக்கவோ அதற்கு இரங்கவோ இல்லை. அதுவே ஒரு பயன்பாடு, நெடுவழியில் செல்லும் கூட்டத்தாரின் அச்சத்தைத் தணிக்கும் பயன்பாடு என்று கண்டு பாடினார்.

இம்மூன்றனையும் தந்தையின் பாடல்களுக்குப் பின்னிணைப்பாக வாசிக்கும் வழக்கம் அடிக்குறிப்புகளையும் தொகுப்பு வரிசையையும் அப்படியே பின்பற்றுவதால் வந்தது. 87, 206, 315 ஆகியவற்றின் உவமைகளோடு 102ஐயும், 91, 99, 390 ஆகியவற்றோடு 392ஐயும் சேர்த்து வாசித்தால், ஔவையார் தலைமுறை மாற்றத்தைப் பற்றித் தொடர்ந்து சிந்தித்த புலவராகத் தெரிகிறார். பாடாண் திணையில் அரசனின் மகனைப் பாடும் பிற பாடல்களையும் இவ்வாறு உவமை அடிப்படையில் ஒப்பிட்டால், காத்திருக்கும் மகனைப் பாடுவதற்குச் சங்க மரபில் வேறு என்ன வழிகள் இருந்தன என்பதும் தெளிவாகும்.